நீதிபதியின் முதுகில் அரக்கு முத்திரை

"இன்னிக்கு நான் ஒரு நீதிபதிக்கு அரக்கு ஊத்தி, சீல் குத்தி, சான்றுப் பொருளா ஆக்கிட்டேன்" என்றான் புதுசு, தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி.

வீட்டில் யாருக்கும் புரையேறவில்லை. மாமியார், "அப்படியா மாப்பிள்ளை? இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்றார். மனைவி தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினாள். வாசலில் படுத்திருந்த பூனை ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துவிட்டு, இது நமக்கு வேண்டாத வேலை என்று மறுபடி மூடிக்கொண்டது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. புதுசு பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் அவன் வாயில் நுழைந்த எந்த உண்மையும் நுழைந்த அளவில் வெளியே வந்ததில்லை. தெருநாய் துரத்தியதைச் சொல்ல ஆரம்பித்தால் தெருமுனை திரும்புவதற்குள் அது சிறுத்தையாகியிருக்கும். வீட்டுக்கு வந்து சேரும்போது அந்தச் சிறுத்தை இவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கும். கொட்டுகிற மழையில் நனையாமல் வந்து நின்று, "துளிக்கும் துளிக்கும் நடுவுல புகுந்து வந்தேன்" என்று சொன்னவன். பையில் மடித்து வைத்திருந்த குடையை மனைவிதான் கண்டுபிடித்தாள்.

இந்த முறை ஒரு சங்கடம். அவன் சொன்னது உண்மை. அதைவிடப் பெரிய சங்கடம், அதை நேரில் பார்த்த மனிதர் எதிர்த் தட்டில் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவனுடைய மாமனார்.

"நீங்களே சொல்லுங்க மாமா. நீங்கதானே சாட்சிக் கூண்டுல நின்னீங்க?"

மாமனார் மென்றதை விழுங்கினார். இல்லாத ஏதோ ஒன்றையும் சேர்த்து மென்று விழுங்கினார்.

"சாட்சி சொல்லக் கூப்பிட்டாங்க, போனேன். ஒத்திவெச்சுட்டாங்க, வந்தேன். நடுவுல ஒண்ணும் நடக்கல."

"மாமா!"

"கனவு கண்டிருப்பீங்க மாப்பிள்ளை. கோர்ட்டுல தூங்குறது உங்க ஆபீஸ் வழக்கம்தானே."

மாமியார் சிரித்தார். மனைவி சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஊரில் உள்ள மற்றவர்கள் எல்லாம் நம்பாமல் போனால் போகட்டும், கண்ணால் பார்த்தவரே நம்பாவிட்டால் ஒரு மனிதன் எங்கே போய் முட்டிக்கொள்வான்? புதுசு அன்று மறுசோறு வாங்கவில்லை. அவன் வரலாற்றில் அது முதல் தடவை.

*

நடந்தது என்னவென்றால்—

அந்த நீதிமன்றத்தில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவனுக்குப் பெயர் கிடையாது. அடுத்த ஆள் வரும்வரை அவன் புதுசு. இவனுக்கு முந்தைய புதுசுக்குத் தலை முழுக்க நரைத்து, மூக்குக் கண்ணாடியும் வந்த பிறகுதான் இவனை நியமித்தார்கள். தன்னை யாரும் இனிமேல் அப்படிக் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்த அன்று அந்த மனிதர் ஆபீசுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தாராம்.

இளநிலை எழுத்தர் என்று உத்தரவில் இருக்கும். நீதியைத் தவிர அந்தக் கட்டடத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வேலை. கட்டுகளைத் தூக்க வேண்டும், தைக்க வேண்டும், தொலைந்ததைத் தேட வேண்டும், கிடைத்ததை மறுபடி தொலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சான்றுப் பொருள் அறை. குத்திய கத்தி, குத்தாத கத்தி, மோதின சைக்கிள், உடைந்த பூட்டு, காவல்துறை நிரம்பியபடி கொண்டுவந்து வைத்து, பூட்டிய அறைக்குள் தானாகவே காலியாகிவிட்ட சாராயப் பாட்டில்கள். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு கட்டி, சணல் முடிச்சின்மேல் அரக்கு உருக்கி ஊற்றி, நீதிமன்ற முத்திரையைக் குத்த வேண்டும். சீட்டும் முத்திரையும் இருந்தால் அது சான்றுப் பொருள். இல்லாவிட்டால் வெறும் குப்பை. முத்திரை விழுந்துவிட்டால் நீதிபதி உத்தரவில்லாமல் கடவுளே வந்தாலும் உடைக்கக் கூடாது. கடவுள் வந்தால் அவருக்கும் வாய்தாதான்.

இதையெல்லாம் புதுசுக்குக் கற்றுக்கொடுத்தவர் தலைமை எழுத்தர். எதற்கெடுத்தாலும் மெமோ, அதாவது விளக்கம் கேட்கும் கடிதம், கொடுப்பதால் அவருக்கும் 'மெமோ' என்றே பெயர். விதியை மீறு என்று சொல்வதாக இருந்தால் காதோடு வாயாகச் சொல்வார். விதியை ஏன் மீறினாய் என்று கேட்பதாக இருந்தால் எழுத்தில் கேட்பார். அவர் வீட்டில் காபியில் சர்க்கரை குறைந்தால்கூட மனைவியிடம் எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்பார் என்று ஆபீசில் பேச்சு. அந்த அம்மா இதுவரை ஒன்றுக்கும் பதில் எழுதியதில்லை என்பதால்தான் அவர் எல்லாவற்றையும் ஆபீசில் வந்து இறக்குகிறார் என்றும் பேச்சு.

புதுசு இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருந்தான். அந்தப் பருவம் முடிந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் தனிக்குடித்தனம். அவனும் மனைவியும் ஒரு சின்ன வீட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். ஜன்னல் ஒன்றுதான், ஆனால் அதைத் திறந்தால் மாமனார் தெரிய மாட்டார். "நிரந்தர உத்தரவைக் காட்டிட்டுச் சாவியை வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். நடுவில் ஒரு மெமோ வந்து வேலை போனால், சின்ன வீடும் போச்சு. மறுபடி மாமனாரின் கடைதான்.

மாமனார் விழாக்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். கல்யாணமான புதிதில் புதுசு அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருந்தான். நாற்காலி கேட்டு வந்தவர்கள் அவன் பேச ஆரம்பித்ததும் அங்கேயே நாற்காலியை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து சேருவார்கள். சாயங்காலம் கதை முடிந்ததும், எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டு, துண்டை உதறிக்கொண்டு கிளம்புவார்கள். கடையில் இருந்த அத்தனை நாற்காலியிலும் ஆள் இருந்தும் ஒன்றுகூட வாடகைக்குப் போகாத விந்தை அங்கேதான் நடந்தது. இவனை எந்த ஆபீசாவது எடுத்துக்கொள்ளாதா என்று மாமனார் கும்பிடாத சாமி இல்லை. கடைசியில் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. நியமன உத்தரவைப் பார்த்து அவர் கண் கலங்கியதை, பாசம் என்று மாமியார் இன்றுவரை நம்புகிறார்.

அப்படிப்பட்ட கடையிலிருந்து ஒரு நாற்காலி திருடு போனது. சாதாரண நாற்காலி இல்லை, மேடை நாற்காலி. சிவப்பு வெல்வெட் மெத்தை, கை இரண்டிலும் சிங்கமுகம், முதுகுப் பக்கம் கொடியும் பூவுமாகத் துளைபோட்ட மரவேலை. விழா முடிந்த கூட்டத்தில் மாயமானது, அதே தெருவின் சலூனில் அகப்பட்டது. "அநாதையா நின்னுச்சு, அடைக்கலம் கொடுத்தேன்" என்றார் சலூன்காரர். அடைக்கலம் கொடுத்த நாளிலிருந்து அந்தச் சலூனில் கூட்டம் தாங்கவில்லையாம். முடியே இல்லாதவர்கள்கூட முடி வெட்டிக்கொள்ள வந்தார்களாம். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. மேலே போட்டிருந்த துணி உறை சான்றுப் பொருள் எண் ஒன்று, தலையணை எண் இரண்டு, நாற்காலி எண் மூன்று. சீட்டுக் கட்டி அறையில் நிறுத்தியது புதுசு.

*

அன்று காலையில் நீதிபதியின் நாற்காலி உடைந்தது.

உடைந்தது என்றால் அவருடைய உண்மையான நாற்காலி இல்லை. அது சக்கரம் கழன்று பழுதுபார்க்கப் போய், அதைப் பற்றிய கடிதங்கள் எல்லாம் தனிக் கட்டாக வளர்ந்து, அந்தக் கட்டுக்கே ஒரு அலமாரி ஒதுக்கியிருந்தார்கள். இது அதற்குப் பதிலாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்து உட்கார்ந்து நீதிபதிக்கு இடுப்பு போய்விட்டது. இடுப்பு பிடித்துக்கொண்டால் உடனே வாய்தா. வழக்கு தள்ளிப் போக வேண்டும் என்று நினைக்கிற வக்கீல்கள் வாதத்தை நீட்டுவதையே விட்டுவிட்டார்கள். சும்மா நின்று அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

பிளாஸ்டிக் காலை விரித்துவிட்டதும் மெமோ புதுசைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

"டேய், எங்கேயிருந்தாவது ஒரு நாற்காலி கொண்டா."

"எங்கே சார் இருக்கு? எல்லாத்துலயும் யாராவது உட்கார்ந்திருக்காங்களே?"

"யாரும் உட்காராத ஒண்ணு இருக்கும்ல? அதைக் கொண்டா. நான் சொன்னேன்னு சொல்லாதே."

யாரும் உட்காராத நாற்காலி அந்தக் கட்டடத்திலேயே ஒன்றுதான் இருந்தது. புதுசு அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். வருகிற வழியில் கதவு நிலையில் இடித்து, சீட்டின் முத்திரை நொறுங்கிவிட்டது. அங்கேதான் அவன் வேறு எந்தத் தொழிலிலும் யாரும் செய்ய முடியாத தப்பைச் செய்தான். வேறு எவனாக இருந்தாலும் சீட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பான். இவன் விதிமுறை படித்தவன் ஆயிற்றே! முத்திரையில்லாத சான்றுப் பொருளை நகர்த்தக் கூடாது. ஆகவே நாற்காலியை மேடையில் வைத்து, மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அரக்கை உருக்கி, முதுகு மரவேலையில் தொங்கிய முடிச்சின்மேல் புதிதாக ஊற்றினான். பதற்றத்தில் ஒரு வருஷத்துக்கான அரக்கை ஒரே தடவையில் ஊற்றினான். முத்திரை பார்வைக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்று மெமோ சொல்லிக் கொடுத்திருந்ததால், முன்பக்கமாகவே ஊற்றினான்.

ஒரு நல்ல தோசைக்கல் அளவுக்கு அரக்கு. முத்திரையைக் குத்தி எடுப்பதற்குள், டவாலி, அதாவது நீதிபதிக்கு முன்னால் நடந்து வந்து சத்தம் போடாதே என்று சத்தம் போடுகிற சேவகர், "சைலன்ஸ்!" என்று கத்திவிட்டார். நீதிபதி வந்தார். எல்லோரும் தலைகுனிந்தார்கள். நீதிபதி உட்கார்ந்தார். சாய்ந்தார்.

"ஆஹா" என்றார் நீதிபதி.

அந்த மேடையிலிருந்து அப்படியொரு சொல் அதுவரை வந்ததில்லை. வெல்வெட் மெத்தை இடுப்பைத் தாங்கியது. புது அரக்கின் இளஞ்சூடு முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தது. பல வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த வழக்குகளை அவர் காய்கறி நறுக்குவதுபோல் முடித்துத் தள்ளினார். வக்கீல்கள் பேயறைந்தவர்கள்போல் நின்றார்கள். ஒருவர் தன் கட்சிக்காரர் ஜெயித்துவிட்டதைக் கேட்டு, இனிமேல் மாசாமாசம் எதற்கு வருவார் என்று கண்ணீர்விட்டார்.

அந்த வேகத்தில், பிற்பகலுக்கு வர வேண்டிய நாற்காலி வழக்கு முற்பகலிலேயே வந்துவிட்டது.

மாமனார் கூண்டில் ஏறினார். சலவைச் சட்டை, திருநீற்றுப் பட்டையடித்த நெற்றி, மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்தில் மானத்தோடு நிற்க வேண்டும் என்கிற விறைப்பு. உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். அதுதான் வினையாயிற்று.

அரசு வக்கீல் கேட்டார்: "உங்க கடையில திருடுபோனதை இந்தக் கோர்ட்டுல அடையாளம் காட்ட முடியுமா?"

மாமனார் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கையை நீட்டி, நேராக நீதிபதியைக் காட்டினார்.

"அதோ இருக்கே!"

மின்விசிறிகூட ஒரு சுற்று நின்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி சுற்றியது.

"எது?" என்றார் நீதிபதி.

"அதுதாங்க. நல்லாத் தெரியுமே. பின்னாடி பெருத்து, கைரெண்டும் சிங்கம் மாதிரி, சிவப்பா—"

நீதிபதியின் முகமும் அதற்குள் அந்த நிறத்துக்கு வந்திருந்தது. சலூன்காரரின் வக்கீல் துள்ளி எழுந்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே, திருட்டுல சம்பந்தப்பட்டது யாருன்னு சாட்சியே கையைக் காட்டிட்டார். என் கட்சிக்காரரை இப்பவே விட்டுடணும்!"

என்ன சொல்லிவிட்டோம் என்று மாமனாருக்கு அப்போதுதான் உறைத்தது. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டார். கம்பியை விட்டால் விழுந்துவிடுவார் என்பதால் ஒரு கையால்தான் கும்பிட்டார்.

"ஐயா, தப்பாச் சொல்லிட்டேன்! நாற்காலி உங்களுதுதான். அது மட்டுமில்ல, என் கடையில இருக்கிற நாற்காலி எல்லாமே உங்களுதுதான்! எடுத்துக்கங்க! எனக்கு ஒண்ணும் வேண்டாம்!"

நீதிபதி எழுந்தார். எழும்போது முதுகிலிருந்து 'பர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. அது கோபத்தின் சத்தம் என்று கூட்டம் நினைத்தது. புதுசுக்கு மட்டும் தெரியும், அது அரக்கு. முடிச்சோடு, சணலோடு, சீட்டோடு, நீதிமன்ற முத்திரையோடு கறுப்பு அங்கியின் முதுகில் அப்படியே போய்க்கொண்டிருந்தது. 'சான்றுப் பொருள் மூன்று' என்று அவன் குண்டு குண்டாக எழுதிய எழுத்து, படியிறங்கி, வராந்தாவில் திரும்பி, மறைந்தது.

யாருமே பார்க்கவில்லை. நீதிபதி எழுந்து போகும்போது எல்லோரும் தலைகுனிய வேண்டும் என்பது முறை. அதனால்தான் எந்த நீதிமன்றத்திலும் நீதிபதியின் முதுகை யாரும் பார்த்ததில்லை. குனியாமல் நின்றவர்கள் இரண்டே பேர். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்ற புதுசு. கூண்டுக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த அவன் மாமனார்.

சுருக்கெழுத்தர் மெமோவைப் பார்த்தார். "இதை எப்படி எழுதுறது?"

"எதை?" என்றார் மெமோ. "சாட்சிக்கு உடம்பு சரியில்ல. வாய்தா. அவ்வளவுதான்."

*

எழுதப்படாதது நடக்காதது. அதுதான் நீதிமன்றம்.

சீக்கிரமே மெமோ சான்றுப் பொருள் அறையைச் சரிபார்த்தார். நாற்காலி இல்லை.

"எங்கே போச்சு?"

"கோர்ட் ஹால்லதான் சார் இருக்கு. ஐயா அதுலதானே உட்கார்ந்திருக்கார்."

"அது நீதிபதியோட நாற்காலி. நான் கேக்குறது சான்றுப் பொருள். சீட்டு எங்கே?"

"ஐயா முதுகுல."

மெமோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை, மாட்டிக்கொண்டால் பார்க்க வேண்டியிருக்கும்.

"நான் பார்க்கல" என்றார்.

புதுசு டவாலியிடம் ஓடினான். தினமும் காலையில் நீதிபதிக்கு அங்கியை மாட்டிவிட்டு, மாலையில் கழற்றி அறையிலேயே ஆணியில் தொங்கவிடுகிறவர் அவர்தான்.

"அண்ணே, நீங்க தினம் பார்க்குறீங்கள்ல?"

"பார்க்குறேன் தம்பி. கைநிறையத் தட்டுப்படுதே."

"எடுத்துடக் கூடாதா?"

"முத்திரை வெச்சதை உடைக்க ஐயா உத்தரவு வேணும். ஐயாகிட்ட உத்தரவு கேக்கணும்னா தலைமை எழுத்தர் குறிப்பு வைக்கணும். அவர்தான் பார்க்கலைங்கறாரே? நான் குடும்பஸ்தன் தம்பி."

அங்கி மட்டும் கொஞ்சம் கனக்கிறது என்று நீதிபதி ஒருநாள் சொன்னாராம். "பொறுப்பு கூடிப்போச்சுங்க" என்றாராம் டவாலி.

புதுசின் கைக்கு ஒரு மெமோ வந்தது. சான்றுப் பொருளைத் தொலைத்த குற்றத்துக்காக உன்னை ஏன் வேலையை விட்டு அனுப்பக் கூடாது? அவன் விளக்கம் எழுதினான். அன்று நடந்ததை ஒன்றுவிடாமல், மாமனார் ஒரு கையால் கும்பிட்டதுவரை எழுதினான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, தான் இதுவரை அளந்ததிலேயே இதுதான் பெரிய அளப்பாக அவனுக்கே தோன்றியது.

மனைவி படித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "சத்தியமாவா?"

"சத்தியமா."

"அப்பா பார்த்தாரா?"

"பார்த்தார்."

அவள் நேரே போய்த் தன் அப்பா முன்னால் நின்றாள். "அப்பா, அந்த வீட்டுக்காரர் இந்த மாசத்துக்கு மேல காத்திருக்க மாட்டாராம். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுங்க."

"எனக்கு அன்னிக்குத் தலைசுத்தல்மா" என்றார் மாமனார், நாற்காலி துடைக்கிற துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "தலை சுத்தும்போது எது நடந்துச்சு, எது சுத்துச்சுன்னு எப்படிச் சொல்றது?"

*

விசாரணையை நீதிபதியே நடத்தினார். சாயங்காலம், கோர்ட் கலைந்த பிறகு, அதே ஹாலில், அதே அங்கியில், அதே நாற்காலியில். பொருளுக்குச் சொந்தக்காரர் என்பதால் மாமனாரையும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கூண்டுக்குப் பக்கத்தில் போகவேயில்லை. சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

நீதிபதி விளக்கத்தைப் படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் ஏறிக்கொண்டே போய் முடிக்குள் மறைந்துவிட்டது.

"தலைமை எழுத்தர் என்ன சொல்றார்?"

"ஐயா, அப்படி எதுவும் பதிவில் இல்லை" என்றார் மெமோ.

"டவாலி?"

"நான் ஐயாவுக்கு முன்னால நடக்குறவன். பின்னால நடக்குறது எனக்குத் தெரியாதுங்க."

நீதிபதி சுவர்ப்பக்கம் திரும்பினார். அந்த மனிதரை அவருக்கு மறக்குமா? தன்னைப் பார்த்துக் கையை நீட்டி, பின்னாடி பெருத்து என்று சொன்ன ஆளாயிற்றே!

"நீங்க சொல்லுங்க. அன்னிக்கு என்ன நடந்தது?"

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மெமோவைப் பார்த்தார். சிங்கமுகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் நடக்கலைங்கய்யா. எனக்கு ஞாபகமில்ல."

மெமோ தயாராக வைத்திருந்த காகிதத்தை மேசைமேல் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டால் புதுசின் வேலை முடிந்தது. நீதிபதி பேனாவின் மூடியைத் திறந்தார். புதுசுக்கு அந்த ஒற்றை ஜன்னல் வீடு கண்முன்னால் வந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு போனது.

"கடைசியா ஏதாவது சொல்லணுமா?" என்று நீதிபதி கேட்டார்.

புதுசு அழத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அந்த வாய்க்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்கய்யா. வேலை போனா என்ன, மாமா கடை இருக்கு. நாளையிலேர்ந்து அங்கேயே உட்கார்ந்துக்குறேன். காலையில திறந்ததுலேர்ந்து ராத்திரி பூட்டுற வரைக்கும். வர்றவங்க போறவங்களுக்கு அன்னிக்கு நடந்ததைச் சொல்லிக்கிட்டே இருந்தா பொழுது போயிடும். மாமா கும்பிட்டதை நடிச்சே காட்டலாம். நாற்காலிக்கும் பஞ்சமில்ல, எல்லாரும் உட்கார்ந்தே கேக்கலாம்."

மாமனாரின் முகத்தில் ஒரு முழுத் தெருவே வந்து போனது. பக்கத்துக் கடைக்காரர்கள் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒரு கையால் கும்பிட்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் மறுபடி. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் நீட்டி, காலில் விழுந்ததாக. அடுத்த வாரம் மண்ணில் உருண்டதாக. ஆயுசு முழுக்க.

பேனா காகிதத்தைத் தொட்டது.

"ஐயா!" என்று கத்தினார் மாமனார். "ஞாபகம் வந்துடுச்சு!"

சுவரைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வந்து, யாரும் கேட்காமலே கூண்டில் ஏறிக்கொண்டார்.

"நடந்துச்சுங்கய்யா. மாப்பிள்ளை எழுதினது நெசம். நீங்க உட்கார்ந்திருக்கிறது என் நாற்காலிதான். அன்னிக்கு நான் கையைக் காட்டுனது உங்களை இல்ல, அதை. பின்னாடி பெருத்திருக்குன்னு சொன்னதும் அதைத்தான்."

நீதிபதியின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. அத்தனை நாளும் அந்த ஒரு வார்த்தைதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

"சரி. அந்தச் சீட்டு?"

"உங்க முதுகுலங்க. இன்னும் இருக்கு. இப்ப திரும்பினீங்கல்ல, பார்த்தேன்."

நீதிபதி எழுந்து நின்று வலப்பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். கிடைக்கவில்லை. இடப்பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு, பதவி ஏற்ற நாளிலிருந்து பிறர் கையாலேயே கழற்றப்பட்ட அந்த அங்கியைத் தானே கழற்றி மேசைமேல் விரித்தார்.

தோசைக்கல் அளவு அரக்கு. நடுவில் நீதிமன்ற முத்திரை, ஒரு எழுத்துகூடச் சிதையாமல். சணல் முடிச்சு. சீட்டு. குண்டு குண்டான எழுத்து.

மெமோ கண்ணாடியைக் கழற்றப் போனார். "போட்டுக்கிட்டே பாருங்க" என்றார் நீதிபதி.

"இப்பத்தான் பார்க்குறேன் ஐயா."

"நல்லாப் பார்த்துக்கங்க. நாளைக்கு நீங்கதான் எழுத்துல விளக்கம் கொடுக்கணும்."

நீதிபதி, மெமோ நகர்த்தி வைத்த காகிதத்தை எடுத்து, நிதானமாக, நாலாய்க் கிழித்தார். வேறொரு தாள் எடுத்து, சான்றுப் பொருள் மூன்றின் முத்திரையை நீதிபதியின் முதுகிலிருந்து உடைத்தெடுக்க உத்தரவிட்டு எழுதினார். வழக்கு முடியும்வரை மேற்படி பொருள் நீதிபதியின் நேரடிப் பாதுகாப்பில் இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டு, அந்த நேரடிப் பாதுகாப்பில் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார். "ஆஹா" என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

புதுசு வாய் கொள்ளாத சிரிப்போடு நின்றான். மாமனார் மெல்லக் கூண்டைவிட்டு ஒரு காலை இறக்கினார்.

"இருங்க" என்றார் நீதிபதி, விளக்கத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டியபடி. "இன்னொண்ணும் எழுதியிருக்கார். உங்க கடையில இருக்கிற நாற்காலி எல்லாமே எனக்குத்தான்னு ஒரு கையால கும்பிட்டுக்கிட்டே சொன்னீங்களாம். எனக்கு அன்னிக்கு இருந்த கோபத்துல காதுல சரியா விழல. இது மாப்பிள்ளை கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதானே?"

தப்பிக்க ஒரு கதவு திறந்தது. மாமனார் அதையே பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு கையைத் தூக்கி, கூண்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், காற்றில், மெதுவாகப் பிடித்துக் காட்டினான்.

"இல்லைங்கய்யா" என்றார் மாமனார், தலையைக் குனிந்துகொண்டு. "அதுவும் நடந்துச்சு. அதை மட்டும் தயவுசெஞ்சு எழுதிக்காதீங்க."